பட்டியலில் இருந்தால் போதுமா?

அன்புள்ள யாழினி,

பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் மண் பாக்டீரியாவின் ஸ்போர் (அதன் உறக்க வடிவம்) கொதிநீரிலும் சாகாததற்கு அதன் புரத உறைதான் காரணமா என்று கேட்டிருந்தாய். விடையைவிட, அதைக் கண்டுபிடித்த வழி உனக்கு அதிகம் பயன்படும்.

அந்த உறை நான்கு அடுக்கு. அதில் 70-க்கும் மேற்பட்ட புரதங்கள். அவை எவை என்று அறிய, கழுவிச் சுத்தம் செய்த ஸ்போர்களை எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருளோடும், கந்தகப் பிணைப்புகளை உடைக்கும் டி.டி.டி.யோடும் கொதிக்க வைப்பார்கள். கரைந்து வந்ததை ஜெல்லில் ஏற்றி மின்சாரம் செலுத்தினால் சிறிய புரதங்கள் முந்தி ஓடும், பெரியவை பின்தங்கும். கூமாசி சாயம் ஏற்றியதும் நீலப் பட்டைகள் தெரியும். ஒரு பட்டையை பிளேடால் வெட்டியெடுத்து டிரிப்சின் நொதி சேர்ப்பார்கள். லைசின், ஆர்ஜினின் வரும் இடங்களில் அது புரதத்தை நறுக்கும். துண்டுகளின் நிறையை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அளந்து சொல்லும். இந்த பாக்டீரியாவின் ஜீனோம் முழுவதும் 1997-இல் வெளியாகிவிட்டது. எந்த மரபணுவின் புரதம் இப்படித் துண்டாகும் என்று ஒப்பிட்டால் அந்தப் புரதத்தின் பெயர் கிடைத்துவிடும். பட்டைக்குப் பட்டை இப்படிச் செய்தால் ஒரு பட்டியல் உருவாகும்.

அதோடு நிற்கக் கூடாது. உறையின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறுக்குப் பிணைப்புகளால் இறுகி, கரையாமல் தங்கிவிடும். அது ஜெல்லுக்கே வராது. ஸ்போரை வளர்த்த தாய்ச்செல் சிதையும்போது அதன் புரதங்கள் ஸ்போரில் ஒட்டிக்கொண்டும் வரலாம். பட்டியலில் இல்லாதது உறையிலும் இல்லை என்று சொல்ல முடியாது. இருப்பதெல்லாம் உறையுடையது என்றும் சொல்ல முடியாது.

அதனால் பட்டியலில் உள்ள ஒரு புரதத்தின் மரபணுவோடு பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி. புரதத்தின் மரபணுவை இணைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஸ்போரைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் இடம் புலப்படும். வேலையை அறிய, மரபணுவையே செயலிழக்கச் செய்வார்கள். ரிச்சர்ட் லோசிக் குழுவினர் 1988-இல் காட்-ஈ என்ற உறைப் புரதத்தின் மரபணுவை அப்படிச் செய்தபோது வெளி உறை உருவாகவே இல்லை. முட்டை வெள்ளையில் உள்ள லைசோசைம் நொதிக்கு அந்த ஸ்போர்கள் பலியாயின. வெப்பத்தையோ தாங்கிக்கொண்டன!

வெப்பம் தாங்கும் வலு பெரும்பாலும் உள்ளே, நீர் குறைந்து கால்சியமும் டைபிகோலினிக் அமிலமும் செறிந்த நடுப்பகுதியில் இருக்கிறது. உறையின் வேலை, தாக்க வரும் நொதிகளையும் பல வேதிப்பொருள்களையும் தடுப்பது.

ஆகவே ஒரு புரதத்தின் பெயரைப் படிக்கும்போதெல்லாம், அது எங்கே இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்று கேள். இந்த இரண்டுக்கும் சோதனை செய்து பார்க்காதவரை, எவ்வளவு நீண்ட பட்டியலும் வேலையின் தொடக்கம்தான்.

அன்புடன்,
அத்தை