மேகத்தையே நோக்கும் பயிர்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

குலசேகரப் பெருமாள் அருளிச்செய்த பெருமாள் திருமொழியின் 105 பாசுரங்களுள் ஐந்தாம் திருமொழி திருவித்துவக்கோட்டு எம்பெருமானைப் பற்றியது. கேரளத்தில் பட்டாம்பிக்கு அருகே, பாரதப்புழைக் கரையிலுள்ள திவ்யதேசம் அது. தாய் சினந்து தள்ளினாலும் அவளையே நினைந்தழும் குழந்தை, கரை காணாமல் மரக்கலத்துக் கொம்பிற்கே மீளும் பறவை, செங்கோலையே பார்த்திருக்கும் குடிகள் என்று உவமைகள் அடுத்தடுத்து வருகின்றன. தாமே அரசராயிருந்தவர், கொடுங்கோல் மன்னனின் குடிமகனாகத் தம்மை வைத்துப் பேசுவது வியப்பே. இம்முறை இரண்டு உவமைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஏழாம் பாசுரத்தில், மழை எத்தனை நாள் பொய்த்தாலும் பசும்பயிர் கருமேகத்தையே நோக்கி நிற்கிறது. இது 2016-இல் நமக்குப் புரிந்தது. அப்போது தஞ்சை மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் பணியில் இருந்தோம். வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மறு ஜனவரியில் தமிழகம் முழுவதுமே வறட்சி பாதித்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. பயிர்க்கடன் கொடுத்த வயல்களைப் பார்வையிடச் சென்றபோது, சம்பாப் பயிர் இலை சுருண்டு நின்றது. முதிய விவசாயி ஒருவர் மாலைதோறும் வரப்பில் நின்று கீழ்வானத்தைப் பார்ப்பார் என்று பிறர் சொன்னார்கள். "தினமும் வந்து பார்த்து என்ன பயன், ஐயா?" என்று கேட்டோம். "வேற எங்கங்க போயிப் பாக்குறது?" என்றார்.

நம் பூர்வாசார்யர்கள் பிரபத்திக்கு அதிகாரமாகக் கூறும் இரண்டும் அச்சொல்லில் இருந்தன. கையில் ஒன்றுமில்லாமை ஆகிஞ்சந்யம். வேறு புகலில்லாமை அநந்யகதித்வம். வங்கியின் முறை இதற்கு நேர் எதிர். வேறு வருவாய் உண்டா, பிணை நிற்பவர் உண்டா என்று கேட்டே முப்பதாண்டுகளுக்கு மேல் ஜீவனம் செய்தோம். வேறு கதியுள்ளவனைத்தான் வங்கி நம்பும். எம்பெருமானிடத்தும் அக்கணக்கையே நாம் கொண்டுசெல்கிறோம்; இதுவரை என்ன தந்தான் என்று பார்த்து, அந்த அளவுக்கே நம்புகிறோம். மேகம் முன்பு பெய்த கணக்கைப் பார்த்தா பயிர் அதை நோக்குகிறது?

அவ்வயல் காய்ந்தது என்பதையும் மறைக்கலாகாது. கடன் தவணை மாற்றியமைக்கப்பட்டது. அடுத்த பட்டத்திற்கு அவர் மீண்டும் விதை நெல் வாங்கினார்.

இனி நான்காம் பாசுரம். மருத்துவன் வாளால் அறுத்துச் சுட்டாலும் நோயாளி அவனிடத்தில் அன்பு மாறான் என்பது உவமை. பணி ஓய்வு பெற்ற ஆண்டிலேயே நம் தர்மபத்தினிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அறுத்தார்கள், நோய் தீரவில்லை. நாற்பது நாளில் ஆசார்யன் திருவடி அடைந்தாள். அதன்பின் பல மாதங்கள், கோஷ்டியில் சேவிக்கும்போது இந்த ஒரு பாசுரம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். அருகிலிருந்த ஸ்வாமிகள் கவனித்திருப்பர், கேட்கவில்லை. குணமாக்கும் மருத்துவனை நேசிப்பது எளிது, குணமாகாதவர் வீட்டில் இதை எப்படிச் சேவிப்பது என்பதே நம் குறை.

ஒருநாள், பெரியவாச்சான் பிள்ளையின் வியாக்கியானத்தை எடுக்கும் முன் மூலத்தை மட்டும் சொல் சொல்லாகப் படித்தோம். நோய் தீர்ந்ததாக ஆழ்வார் எங்குமே சொல்லவில்லை! அன்புக்கு மாளாதது என்று அடைமொழி. எம்பெருமான் தரும் துயருக்கோ மீளாதது என்று அடைமொழி. துயர் நீங்கிய பின் வந்த அன்பு அன்று. நீங்காத துயரோடு ஒரே பாசுரத்தில் கூடியிருக்கும் அன்பு. ஆழ்வார் சொல்லாத ஒரு வாக்குறுதியை நாமே பாசுரத்தில் ஏற்றி வைத்து, அது நிறைவேறவில்லை என்று அவரோடு பிணங்கியிருந்தோம்.

பிரிவு இதனால் குறைந்துவிடவில்லை. காலையில் இரண்டு டம்ளர் காப்பி கலக்கும் பழக்கமே இன்னும் முழுதும் போகவில்லை. ஆனால் ரக்ஷிப்பான் என்ற சொல்லை, நாம் கேட்டதைத் தருவான் என்று பொருள்கொள்வதை விட்டோம்.

சென்ற மாசிப் புனர்பூசத்தன்று, ஆழ்வார் திருநக்ஷத்திர கோஷ்டியில் நான்காம் பாசுரம் வந்தது. குரல் இடறிற்று. ஆயினும் முழுதும் சேவித்தோம்.

குலசேகரப் பெருமாள் திருவடிகளே சரணம்.