பகடை மேசையின் வரவு செலவு

சூதாட்டம் நமக்கு விலக்கப்பட்டது என்பதை இவ்விதழின் நேயர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அது மார்க்கம் தீர்த்துவைத்த விஷயம். இங்கே நாம் பார்க்கப் போவது கணக்கு.

அமெரிக்காவில் லாஸ் வேகாசு நகரத்துக்கு வர்த்தகக் கண்காட்சி காணச் சென்று திரும்பிய நம் இளைஞர் ஒருவர், அங்குள்ள ‘கிராப்ஸ்’ என்னும் பகடை ஆட்டத்தைப் பற்றி வெகுவாக வியந்து பேசினார். “பெரியத்தா, அதிலே கூடத்தாருக்கு ஒரு காசும் ஆதாயமில்லாத பந்தயம் ஒன்று இருக்கிறது. மற்றப் பந்தயத்திலும் நூற்றுக்கு ஒன்றரைதான் அவர்கள் பங்கு. நம் மொத்தக் கடையிலே நாம் வைக்கிற லாபத்தைவிடக் குறைச்சல்” என்பது அவர் வாதம். பெரியவர், “ஹராமான பேச்சு, விடு” என்று முடித்துவிட்டார். இளைஞர் வாய் மூடினாரேயன்றி மனம் மாறியதாகத் தெரியவில்லை. கூட்டு வியாபாரத்தின் காசோலையில் கையெழுத்திடும் உரிமை அவருக்கும் உண்டு. ஆகவே, அவர் சொன்னதைக் கணக்காகவே எடுத்துச் சோதித்துவிடுவது நலம். அவர் சொன்ன எண்கள் பொய்யல்ல என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்வோம்.

இரண்டு பகடைகளை உருட்டினால் 36 விதமாக விழலாம். அவற்றில் கூட்டுத்தொகை 7 வருவது 6 விதம். 6 வருவது 5 விதம். 8 வருவதும் அவ்வாறே. 5க்கும் 9க்கும் நான்கு நான்கு, 4க்கும் 10க்கும் மும்மூன்று, 3க்கும் 11க்கும் இரண்டிரண்டு, 2க்கும் 12க்கும் ஒவ்வொன்று. ஆட்டம் முழுவதும் இந்த ஒரு பட்டியலின் மேல்தான் நிற்கிறது. இதனை மனத்தில் எழுதிக்கொண்டவர்க்கு மற்றவை யாவும் சிட்டைக் கணக்கே.

(இத்தகைய கணக்கு பிறந்ததும் பகடையிலிருந்தே. ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு தடவையேனும் ஆறு விழும் வாய்ப்பு நூற்றுக்கு 51.77, இரண்டு பகடைகளை 24 முறை உருட்டினால் இரட்டை ஆறு விழும் வாய்ப்போ 49.14 மட்டுமே. இரண்டும் சமமாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். இப்படிப்பட்ட புதிர்களையொட்டி 1654ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்துப் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களே பின்னர் இன்சூரன்ஸ் கம்பெனிகள் வரை பயன்படும் சாஸ்திரமாயின.)

கிராப்ஸ் ஆட்டத்தின் பிரதானப் பந்தயத்துக்குப் ‘பாஸ் லைன்’ என்று பெயர். தொடக்க வீச்சில் 7 அல்லது 11 விழுந்தால் வைத்த காசுக்குச் சமமான காசு கிடைக்கும். 2, 3, 12 விழுந்தால் காசு போயிற்று. இவையன்றி 4, 5, 6, 8, 9, 10 ஆகியவற்றில் எது விழுந்தாலும் அது குறி எண்ணாகிவிடும். பிறகு அந்தக் குறி எண் மறுபடியும் விழுகிறதா, 7 முந்திக்கொள்கிறதா என்று உருட்டிக்கொண்டே இருப்பர். குறி முந்தினால் ஆடுபவருக்கு வெற்றி. 7 முந்தினால் தோல்வி. தொடக்கத்தில் நண்பனாக வந்த அதே ஏழு, குறி விழுந்தபின் பகைவனாகி விடுவதைக் கவனிக்க.

இதற்குப் பேரேடு போடுவோம். பின்னம் வராமலிருக்க 1,980 ஆட்டங்களை எடுத்துக்கொள்வது வசதி. தொடக்க வீச்சிலேயே 7 விழுந்து வெல்வது 330, 11 விழுந்து வெல்வது 110, ஆக 440. தொடக்கத்திலேயே தோற்பது 220. மீதி 1,320 ஆட்டங்களில் குறி விழும். குறி 4 ஆனால் அது 165 தடவை. அதில் வெற்றி 55, தோல்வி 110. குறி 5 ஆனால் 220 தடவை. வெற்றி 88, தோல்வி 132. குறி 6 ஆனால் 275 தடவை. வெற்றி 125, தோல்வி 150. 10, 9, 8 ஆகியவற்றுக்கும் முறையே இதே எண்கள்தாம். எல்லாவற்றையும் கூட்டினால் வெற்றி 976, தோல்வி 1,004. ஆட்டத்துக்கு ஒரு வெள்ளி வீதம் வைத்தவருக்கு 1,980 வெள்ளி புரண்டு 28 வெள்ளி நட்டம். நூற்றுக்கு 1.41.

எதிர்ப்பக்கம் பந்தயம் கட்டினால் என்ன என்று கூர்மையான வியாபாரி உடனே கேட்பார். அதற்கும் இடமுண்டு, ‘டோன்ட் பாஸ்’ என்பது அது. உருட்டுபவர் தோற்றால் இவருக்கு வெற்றி. அப்படியானால் 28 வெள்ளி இவர் பக்கம் வரவேண்டுமல்லவா? வராது. தொடக்க வீச்சில் 12 விழுந்தால் மட்டும் இவருக்கு வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை, காசு அப்படியே நிற்கும் என்று ஒரு விதியைக் கூடத்தார் சேர்த்திருக்கின்றனர். 1,980இல் 12 விழுவது 55 தடவை. அந்த 55ஐக் கழித்தால் வெற்றி 949, தோல்வி 976. மறுபடியும் 27 வெள்ளி கூடத்தாருக்கே. ஒரே ஒரு எண்ணைத் தொட்டு மேசையின் இரு பக்கத்தையும் தம் பக்கமாகச் சாய்த்துவிட்ட இந்தக் கைவேலையை, பிடிக்காவிட்டாலும் மெச்சாமலிருக்க முடியவில்லை.

இனி அந்த இளைஞர் சொன்ன ‘ஆதாயமில்லாத பந்தயம்’. அது உண்மையிலேயே இருக்கிறது. குறி விழுந்தபின், பாஸ் லைனுக்குப் பின்னால் கூடுதல் காசு வைக்கலாம். இதனை ‘ஆட்ஸ்’ என்பர். குறி 4 அல்லது 10 ஆனால் ஒன்றுக்கு இரண்டு, 5 அல்லது 9 ஆனால் இரண்டுக்கு மூன்று, 6 அல்லது 8 ஆனால் ஐந்துக்கு ஆறு என்று கொடுப்பர். மேலே எழுதிய பட்டியலோடு ஒப்பிட்டால் இவை மிகச் சரியான விலை. கூடத்தாருக்குக் கழிவு எதுவும் இல்லை.

சரக்கை முதல் விலைக்கே கொடுக்கும் கடைக்காரரைப் பார்த்தால் நாம் என்ன நினைப்போம்? சீனியை அடக்க விலைக்குக் கொடுப்பவர் மற்றச் சாமான்களில் லாபம் பார்க்கிறார் என்றுதானே? இங்கும் அதுவே. பாஸ் லைனில் முதலில் காசு வைக்காதவருக்கு இந்தக் கூடுதல் பந்தயம் கிடையாது. 10 வெள்ளி பாஸ் லைனில் வைப்பவருக்கு ஆட்டத்துக்குச் சராசரி நட்டம் 14 காசு. அதன் பின்னால் 20 வெள்ளி ஆட்ஸ் வைத்தாலும் நட்டம் அதே 14 காசுதான். வைத்த மொத்தத் தொகை பெரிதாகிவிட்டபடியால் நூற்றுக்கு 1.41 என்பது 0.61 என்று குறைந்து தெரிகிறது; அவ்வளவே. பாலில் தண்ணீர் கலந்தால் படியளவு கூடும், பால் கூடுமா? குறைந்து தெரிவது சதவீதம். குறையாதது காசு. கூடுவதோ ஏற்ற இறக்கம்: 10 வெள்ளியோடு போகவேண்டிய ஒரு தோல்வியில் 30 வெள்ளி போகும். கைமுதல் சிறியவர் அதனால் விரைவிலேயே வெறுங்கையோடு எழுந்திருப்பார்.

மேசையின் மற்றப் பகுதிகளில் விலை இவ்வளவு நியாயமாக இல்லை. ஏழு விழுமுன் ஆறு விழும் என்று கட்டினால் 6க்கு 7 கொடுப்பர். கழிவு நூற்றுக்கு 1.52. நான்கின் மேல் கட்டினால் 5க்கு 9, கழிவு 6.67. சில மேசைகளின் மூலையில் பெரிய எழுத்தில் 6, 8 என்று கட்டம் போட்டிருக்கும். அங்கே வைப்பவருக்கு அதே ஆறுக்குச் சமக் காசு மட்டுமே, கழிவு 9.09. ஒரே சரக்கு, ஒரே மேசை, ஆறு பங்கு விலை! அடுத்த வீச்சில் ஏழு விழும் என்று கட்டுவோருக்கு ஒன்றுக்கு நான்கு. 36 வெள்ளி வைத்து 6 வெள்ளி இழப்பதே சராசரி, அதாவது நூற்றுக்கு 16.67. பன்னிரண்டின் மேல் கட்டினால் ஒன்றுக்கு 30. நியாய விலை 35. இங்கே ஒரு வார்த்தை நுணுக்கமும் உண்டு. வைத்த காசு நீங்க 30 என்பது ஒன்று. வைத்த காசோடு சேர்த்து 30 என்பது வேறு. இரண்டாவது வகையில் எழுதியிருந்தால் கழிவு 13.89இலிருந்து 16.67க்கு ஏறிவிடும். சரக்குப் பட்டியலில் ‘கூலி உட்பட’, ‘கூலி நீங்க’ என்ற சொற்களைப் படிக்கத் தெரிந்த நம்மவர்க்கு இதை விளக்க வேண்டாம்.

நூற்றுக்கு ஒன்றரை சிறிய லாபந்தானே என்ற வாதத்துக்கு வருவோம். நம் கடையில் ஒரு மூட்டை அரிசி ஒரு தடவைதான் விற்கும். மேசையிலோ அதே வெள்ளி திரும்பத் திரும்ப விற்பனையாகிறது. மணிக்கு 100 வீச்சு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாஸ் லைன் ஆட்டம் முடியச் சராசரி 3.4 வீச்சு ஆகும். ஆகவே மணிக்கு ஏறக்குறைய 30 ஆட்டம். 500 வெள்ளியோடு வந்து 10 வெள்ளி வீதம் ஐந்து மணி நேரம் ஆடுபவர் 1,500 வெள்ளி புரட்டுகிறார். சராசரி நட்டம் 21 வெள்ளி. கழிவு புரண்ட தொகையின் மேல் விழுகிறதேயன்றிக் கொண்டுவந்த முதலின் மேல் அன்று. முதலோடு ஒப்பிட்டால் அது ஒரே மாலையில் நூற்றுக்கு நான்குக்கு மேல். இவர் பாஸ் லைனை விட்டு, ஒவ்வொரு வீச்சிலும் ஏழின் மேல் 10 வெள்ளி கட்டியிருந்தால் மணிக்கு 167 வெள்ளி சராசரியில் போயிருக்கும். மூன்று மணி நேரத்தில் 500 வெள்ளி முடிந்திருக்கும்.

அந்த 21 வெள்ளி கண்ணுக்குத் தெரியாது என்பதே சூட்சுமம். 150 ஆட்டங்களில் 120 வெள்ளி வரை மேலோ கீழோ போவது சாதாரணம். ஆகவே பத்துப் பேரில் ஏறக்குறைய நால்வர் லாபத்தோடு எழுந்து போவர். ஊர் திரும்பிப் பேசுவோர் அந்த நால்வரே. கூடத்தாரின் நிலை வேறு. பத்து லட்சம் ஒரு வெள்ளிப் பந்தயங்களில் அவருக்கு வரவேண்டியது 14,140 வெள்ளி. ஏற்ற இறக்கம் 3,000 வெள்ளியைத் தாண்டுவது அபூர்வம். ஆடுபவருக்கு அது அதிர்ஷ்டம், கூடத்தாருக்கு அது வாடகை வருமானம்.

தோற்றால் இரட்டிப்பாக வைத்து இழந்ததைப் பிடித்துவிடலாம் என்ற ‘முறை’யைப் பற்றியும் பலர் பேசுவர். 10, 20, 40 என்று ஏறினால் எட்டாவது தோல்வியோடு போனது 2,550 வெள்ளி. அடுத்து வைக்க வேண்டியது 2,560. அதற்குள் மேசையில் எழுதிவைத்த உச்ச வரம்பு வந்துவிடும், அல்லது கைமுதல் தீர்ந்துவிடும். தொடர்ந்து எட்டுத் தோல்வி 229 தொடரில் ஒரு தடவை வரும். மற்ற 228 தடவையும் பத்துப் பத்தாக 2,280 வெள்ளி சேர்த்தவர், அந்த ஒரு தடவையில் 2,550ஐக் கொடுத்து, 270 வெள்ளி கடனாளியாக நிற்பார். 228 நாள் லாபம் எழுதிய கணக்குப் புத்தகத்தைக் காட்டினால் எந்தக் கூட்டாளியும் நம்பிவிடுவார் என்பதே இதில் பயங்கரம்.

“ஏழு விழுந்து வெகு நேரமாயிற்று, இனி விழும்” என்று கட்டுவதும் இத்தகையதே. பகடைக்குப் பேரேடு கிடையாது. எத்தனை வீச்சு கழிந்தாலும் ஏழின் வாய்ப்பு ஆறில் ஒன்றே. 2009ஆம் ஆண்டு மே மாதம் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு பெண்மணி 154 வீச்சுகள் வரை பகடையை இழக்காமல் உருட்டினார். நான்கு மணி நேரத்துக்கு மேலாயிற்று. 140ஆவது வீச்சிலும் வாய்ப்பு முதல் வீச்சில் இருந்ததுதான். கைப்பழக்கத்தால் விழச் செய்யலாம் என்போருக்காகவே பகடைகளைக் கண்ணாடி போலத் தெளிவாக, கூரிய விளிம்போடு, புள்ளிக் குழிகளை நிரப்பி எடை சமமாக்கிச் செய்கின்றனர். முண்டு முண்டான ரப்பர்ச் சுவரில் மோதித் திரும்ப வேண்டும் என்பதும் விதி.

சிங்கப்பூர் நேயர்களுக்கு ஒரு கூடுதல் வரி. 2010இல் அங்குக் காசினோக்கள் திறக்கப்பட்டபோது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவுத் தீர்வை 100 வெள்ளி. 2019 ஏப்ரல் முதல் அது 150 வெள்ளி. இது கூடத்தாருக்குச் சேர்வதன்று. ஆயினும் போகிறவர் கணக்கில் செலவுதானே? 10 வெள்ளிப் பாஸ் லைன் கழிவான 14 காசால் வகுத்துப் பார்த்தால், 150 வெள்ளி என்பது ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்களின் நட்டத்துக்குச் சமம். மணிக்கு 30 ஆட்டமாயின் அத்தனையையும் ஆடி முடிக்க 35 மணி நேரம் வேண்டும். அந்தத் தீர்வை செல்லுபடியாவது 24 மணி நேரத்துக்கு.