பருவந்தோறும் மாறும் நீரும் உலோக மாசும்

நீரை வடிகட்டிப் பருகுதல் நம் இல்லங்களில் வழிவழியாக வரும் வழக்கம். நீர்வாழ் நுண்ணுயிர்களுக்கு ஊறு நேராதிருக்கத் துணியை இருமடியாக்கி வடித்து, துணியில் தங்கியவற்றை எடுத்த நீர்நிலையிலேயே விடுமாறு இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டது. அந்நீரைக் காய்ச்சி அருந்துவோரும் உளர். இதனால் கிருமிகளால் வரும் நோய்கள் பல தடுக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆயினும் நீரில் கரைந்துள்ள உலோகம் துணியில் தங்காது, காய்ச்சினாலும் அகலாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். பிழைப்பின் பொருட்டுத் தொழிற்சாலைப் பகுதிகளில் குடியேறியுள்ள குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஏரிப் பாசனத்தால் வாழ்ந்த இவ்வூரில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா உள்ளது. ஏரியின் உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சேரும். அங்கு நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2007ஆம் ஆண்டு முதல் சென்னைக்குக் குடிநீர் அளித்து வருகிறது. மிகுநீரோ அடையாற்றின் வழியே கடலை அடையும். ஆகவே இங்குள்ள சிற்றேரிகளின் நலமும் மாநகரத்துக் குடிநீரின் நலமும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

வாகன உறுப்புகளுக்கும் மின்னணுப் பொருள்களுக்கும் முலாம் பூசும் பணியில் நிக்கல், குரோமியம், துத்தநாகம், செம்பு ஆகியவை பயன்படுகின்றன. கழிவுநீரை முறையாகச் சுத்திகரித்தால் இவை சகதியாகப் பிரிந்துவிடும். சுத்திகரிப்புக் குறைந்தாலோ, சகதியைத் திறந்தவெளியில் குவித்தாலோதான் தொல்லை தொடங்குகிறது.

நீர்நிலையை அடைந்த உலோகம் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஒரு பகுதி கரைந்திருக்கும். பெரும்பகுதி வண்டலில் ஒட்டி அடியில் தங்கும். பங்குனி, சித்திரை மாதங்களில் நீர் வற்றும்போது கரைந்த மாசின் செறிவு உயர்கிறது. அடிநீரில் பிராணவாயு குன்றினால் வண்டலில் கட்டுண்ட உலோகத்தில் ஒரு பகுதி மீண்டும் நீருக்குள் வருகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் முதல் வெள்ளம் சாலைப்புழுதியையும் ஆலைமுற்றத்துக் கழிவையும் அடித்துக்கொண்டு வரும். அவ்விரண்டொரு நாளைய நீரே ஆண்டில் மிகவும் கலங்கியதாக இருத்தல் கூடும். பின்னர்ப் பெருமழை மாசை நீர்க்கச் செய்யும். ஆனால் அதே வெள்ளம் வண்டலைக் கிளறிக் கீழ்நோக்கிச் சுமந்தும் செல்லும். 2015 டிசம்பர் 1ஆம் நாள் இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அத்தகைய வெள்ளத்தில் வண்டல் இருந்த இடத்திலேயே இராதன்றோ? எனவே மார்கழியில் ஒருமுறை எடுத்த மாதிரியைக் கொண்டு 'நீர் நன்று' எனச் சான்று கூறுவது போதாது. கோடையிலும், முதல் மழையிலும், மழை ஓய்ந்த பின்னரும் நீரோடு வண்டலையும் சேர்த்துச் சோதிப்பதே முறை.

இவ்விடத்தில் பாலாற்றை நினையாதிருக்க இயலாது. இராணிப்பேட்டையில் 1990களின் நடுப்பகுதியில் மூடப்பட்ட குரோமேட் ஆலை, ஒன்றரை இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. சுற்றுப்புற நிலத்தடி நீர் மஞ்சள் நிறம் கொண்டது. மூவிணைதிறக் குரோமியம் எளிதிற் படிந்துவிடும். அறுவிணைதிறக் குரோமியமோ நீரோடு நெடுந்தொலைவு பரவும், புற்றுநோய்க்கும் காரணமாகும். தோல் பதனிடும் ஆலைகளால் பாலாறு மாசுற்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அதே ஆற்றைப் பற்றி மீண்டும் 2025 ஜனவரியில் அந்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. கெடுத்தது சில ஆண்டு. மீட்பதற்கு ஒரு தலைமுறையும் போதவில்லை.

புலால் உண்ணாதார்க்கு இவ்விடர் இல்லை எனச் சிலர் கருதுவர். அது சரியன்று. ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் விளைந்த அரிசியின் வழியாகவே காட்மியம் உழவர் குடும்பங்களின் எலும்பையும் சிறுநீரகத்தையும் சிதைத்தது. 1968இல் அந்நாட்டு அரசு அதனை மாசினால் வந்த நோய் என ஏற்றது. கீரைகளும் மண்ணிலுள்ள காட்மியத்தை ஈர்க்கும்.

இந்தியத் தர நிறுவனம் குடிநீருக்கு விதித்துள்ள உச்ச அளவு, லிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003, நிக்கல் 0.02, மொத்தக் குரோமியம் 0.05. இவ்வளவுகளை நாவும் கண்ணும் காட்டா, ஆய்வுக்கூடமே காட்டும். கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுப்போர், பழைய குளிர்பான பாட்டிலில் நீரை நிரப்பிச் செல்லலாகாது. அமிலத்தால் கழுவிய பிளாஸ்டிக் குப்பியை ஆய்வுக்கூடத்திலிருந்தே பெறுதல் நன்று. குப்பியின் சுவரில் உலோகம் ஒட்டாதிருக்க, மாதிரியில் சிறிது நைட்ரிக் அமிலம் சேர்ப்பதும் அவர்தம் வழக்கம். 'உலோகங்களையும் பார்க்க வேண்டும்' எனத் தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். கேளாவிடின் உப்பு, கடினத்தன்மை முதலியவற்றோடு சோதனை நின்றுவிடும்.

அளவு மிகுந்திருப்பின் எதிர்ச்சவ்வூடு பரவல் கருவி பெரும்பாலான உலோகங்களைக் குறைக்கும். அக்கருவி வெளியேற்றும் நீரில் அவ்வுலோகங்களே செறிந்திருக்குமாதலால், அதனைக் கீரைப்பாத்திக்கு விடலாகாது. தரை கழுவப் பயன்படுத்தலாம்.