பக்கவாத்தியம் நடுவே வந்தபோது

மேலைநாட்டு இசைக்குழுவில் தாளக் கருவிகளின் இடம் எது என்று கேட்டால், பின்வரிசை என்பதே நெடுங்காலம் விடையாக இருந்தது. வயலின்கள் பாடும், முரசம் இடையிடையே இடித்துவிட்டு ஓயும். அவற்றை முன்னுக்கு அழைத்துவந்த ஓர் ஒலிப்பதிவைப் பற்றியே எழுதப் புகுந்தேன்.

ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் மெக்மில்லன் இயற்றிய 'வெனி, வெனி, எம்மானுவேல்' 1992 ஆகஸ்டு 10 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அரங்கேறியது. ஸ்காட்டிஷ் சேம்பர் இசைக்குழுவுடன் எவலின் கிளெனி வாசித்த குறுந்தகடு 1993இல் வெளிவந்தது. கிளெனி 12 வயதுக்குள் செவிப்புலனைப் பெரிதும் இழந்தவர். வெறுங்காலுடன் நின்று வாசிப்பார். தாழ்ந்த ஒலிகளைக் காலிலும், உயர்ந்தவற்றை முகத்திலும் கழுத்திலும் உணர்வதாகக் கூறியுள்ளார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் இடக்காது சிறுவயது முதல் கேளாது. அவர் கதைக்காகவே இதைத் தேடிப்பிடித்தேன், இசைக்காக அன்று. கிளெனியோ தம் செவியைப் பற்றிய பேச்சைவிடத் தம் இசை பேசப்படுவதையே விரும்புபவர்!

முதல்முறை கேட்டபோது ஒன்றும் பிடிபடவில்லை. சேகண்டி, முரசு, மரக்கட்டை, உலோகத் தகடு எல்லாம் அடுத்தடுத்து முழங்க, பாத்திரக் கடைக்குள் புகுந்தாற்போல் இருந்தது. மூன்றாம் முறை ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். ஆரவாரத்துக்கு அடியில் ஒரு துடிப்பு தட்டுப்பட்டது. மனித இதயத்தின் துடிப்பு. அதுவே இப்படைப்பின் உயிர்நாடி என்பதைப் பின்னர் படித்தறிந்தேன்.

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் பாடப்படும் பழைய லத்தீன் பாடலொன்றே இதன் மூலம். மெக்மில்லன் 1991ஆம் ஆண்டுத் திருவருகையின் முதல் ஞாயிறன்று எழுதத் தொடங்கி, 1992 ஈஸ்டர் ஞாயிறன்று முடித்தார். இசையும் அவ்வழியே, காத்திருப்பிலிருந்து உயிர்ப்பை நோக்கிச் செல்கிறது.

நடுப்பகுதியே என்னைக் கட்டிப்போட்டது. அப்பாடலின் 'மகிழ்வாய்' என்னும் பல்லவிக்குரிய நான்கு சுரக்கோவைகளை இசைக்குழு மெல்ல மெல்லத் திரும்பச் சொல்கிறது. தொலைவில் ஒரு கூட்டம் முணுமுணுத்துச் செபிப்பது போலிருக்கிறது. அதன்மேல் மரிம்பா தனியே நடக்கிறது. இடித்து முழங்குவதே தாளக் கருவியின் தொழில் என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் இங்கே உடைந்தது. பிற்பகுதியின் முரசுத் தனி சற்று நீளம் என்பது என் கருத்து.

முடிவில் இசைக்குழுவினர் தம் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுச் சிறு உலோகங்களைக் கையிலெடுத்துச் சலசலக்கச் செய்கிறார்கள். தனிக்கலைஞர் குழல்மணிகளிடம் செல்கிறார். குறுந்தகட்டில் அந்த நடை தெரியாது. மணி மட்டும் ஒலிக்கும். அது காதில் ஓய்ந்த பின்னும் பெட்டியின்மேல் இருந்த என் கையில் சிறிது நேரம் இருந்தது.