கோச்சடையான்: கதையும் கருவியும்

2014 மே மாதம் வெளிவந்த 'கோச்சடையான்' படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். இயக்கம் சௌந்தர்யா ரஜினிகாந்த், கதை கே.எஸ்.ரவிகுமார். நடிகரின் உடல் அசைவைக் கருவிகளால் பதிவு செய்து, கம்ப்யூட்டர் உருவத்துக்கு ஏற்றும் 'மோஷன் கேப்சர்' முறையில் எடுத்த படம். 2009-ல் மறைந்த நாகேஷின் உருவத்தையே அதில் மீண்டும் கொண்டுவந்தார்கள்.

முதலில் நிறை. எதிரி நாடான கலிங்கபுரிக்குத் தளபதியாகும் ராணாவின் நோக்கத்தைக் கதை முதலில் மறைத்து வைக்கிறது. பிறகுதான் அவன் அப்பா கோச்சடையானின் கதை வருகிறது. விஷம் உண்ட தன் வீரர்களின் உயிரைக் காக்க, அவர்களை எதிரியிடமே அடிமைகளாக விட்டுவிட்டு வருகிறார். அதற்காகத் தன் தலையையே இழக்கிறார். அவர் செய்தது சரியா, தப்பா? நம்மை யோசிக்க வைக்கும் இடம்!

அடுத்து குறை. செங்கோட்டையில் எங்க வீட்டு டி.வி.யில் அந்தக் காட்சி ஓடியபோது, பள்ளிக்கூடமே போகாத எங்க அம்மா கேட்டாங்க: "ஏல, அத்தன பேர விட்டுட்டு வாராரு, மொகத்துல ஒரு கலக்கமும் இல்லையே?" உண்மைதான். கை கால் அசைந்தது. கண்ணுக்கு உயிர் வரவில்லை. கடைசியில் சேனா வந்து நிற்க, கதை முடியாமலே படம் முடிகிறது.

நான் மோஷன் கேப்சர் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினேன். "அதெல்லாம் சரில, அவரு அழுதாரா இல்லையா?" என்றாங்க. பதில் இல்லை!

நண்பர்களே, நம்ம ப்ராஜெக்டிலும் கருவியைப் பற்றியே பேசுகிறோம்; அது யாருக்கு, எதற்கு என்பதை விட்டுவிடுகிறோம். எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். இனி வைவாவுக்கு முன்னால் அம்மாவிடம் சொல்லிப் பார்ப்பேன். அவங்களுக்குப் புரிஞ்சா நான் பாஸ்!