அரசன் மறைந்தான்; அரசு பிளந்தது – ஏன்?

திருப்பதியிலிருந்து சந்திரகிரி ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவுதான். நம் மாணவர்களுள் பலர் அங்குள்ள ராஜ மஹாலைக் கண்டிருப்பீர்கள். மூன்று அடுக்கு மாளிகை. இன்று அது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். படம் எடுத்துக்கொள்கிறோம், மாலைப் பேருந்தில் விடுதிக்குத் திரும்பிவிடுகிறோம். அங்கிருந்து ஆண்ட அரசு எப்படி உடைந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நான் வேதியியல் மாணவன். வரலாற்றை முறையாகப் பயின்றவன் அல்லன். எனினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏன் விடவில்லை என்பதை இறுதியில் சொல்கிறேன்.

அரசன் இறந்ததும் அரசு பிளப்பது உலகில் புதிதன்று. இஸ்ரவேலின் கதையை விவிலியம் கூறுகிறது. ஏறத்தாழ கி.மு. 930இல் சாலொமோன் இறந்தான். அவன் மகன் ரெகொபெயாம் முடிசூடச் சீகேம் நகருக்குச் சென்றான். “உம் தந்தை எம்மேல் வைத்த சுமையைச் சற்றுக் குறையும்” என்று மக்கள் வேண்டினர். முதியோர் இணங்கச் சொன்னார்கள். உடன் வளர்ந்த இளைஞர் மறுக்கச் சொன்னார்கள். அவன் இளைஞர் சொல்லைக் கேட்டான். பத்துக் குலங்கள் பிரிந்து யெரொபெயாமை அரசனாக்கின. வடநாடு கி.மு. 722இல் அசீரியரிடம் வீழ்ந்தது, தென்னாடு கி.மு. 586இல் பாபிலோனியரிடம் வீழ்ந்தது.

இனி நம் அருகில் நடந்ததைக் காண்போம்.

1565இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தபின், திருமலைராயன் பெனுகொண்டாவுக்குத் தலைநகரை மாற்றினான். அவன் தன் மக்கள் மூவரையும் மூன்று பகுதிகளுக்குப் பொறுப்பாக்கினான்: தெலுங்கு நாட்டைச் சீரங்கன் பெனுகொண்டாவிலிருந்தும், கன்னட நாட்டை இராமன் சீரங்கப்பட்டணத்திலிருந்தும், தமிழ் நாட்டை வேங்கடபதி சந்திரகிரியிலிருந்தும் பார்த்துக்கொண்டனர். அண்ணனுக்குப் பின் 1586இல் வேங்கடபதி பேரரசனானான். ஆற்றல் மிக்கவன். வேலூரில் அடங்காதிருந்த லிங்கம நாயக்கரை அடக்கி, அந்நகரையும் தன் தலைநகராக்கிக்கொண்டான். இருபத்தெட்டு ஆண்டுகள் நாயக்கர்களைக் கட்டி ஆண்டான்.

அவனுக்கு மனைவியர் பலர், மகன் இல்லை. அரசி ஒருத்தி ஓர் அந்தணப் பெண்ணின் குழந்தையைப் பெற்று, தான் ஈன்ற மகன் என்று வளர்த்தாள். அரசன் உண்மையை அறிந்தும் வெளியே சொல்லவில்லை. இவ்வாறு எழுதுபவர் மனுவேல் பராதாஸ் என்னும் இயேசு சபைப் பாதிரியார். நிகழ்ச்சிகளின் சூடு ஆறுமுன்னே, 1616 டிசம்பரில், கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. இறப்பதற்கு மூன்று நாள் முன்னர்தான் அரசன் தன் அண்ணன் மகன் சீரங்கனை அழைத்து முத்திரை மோதிரத்தை நீட்டினானாம். சீரங்கன் கண்ணீர் விட்டு மறுத்தானாம், பின்னர் ஏற்றானாம். 1614 அக்டோபரில் வேங்கடபதி மறைந்தான்.

அரசியின் பிறந்தகத்தாரான கொப்பூரிக் குடும்பத்து ஜக்கராயன் வளர்ப்புப் பிள்ளையை அரசனென்று அறிவித்தான். சீரங்கனையும் குடும்பத்தையும் வேலூரில் சிறைவைத்தான். வெலுகோட்டி யாசம நாயக்கர் ஒருவரே அஞ்சாது எதிர்த்து நின்றார். சிறையிலிருந்து சீரங்கனின் மகன் இராமதேவனை ஒரு வண்ணார் துணி மூட்டையில் வைத்து வெளியே கொண்டுவந்தார். பெயர் தெரியாத அந்த வண்ணார் இல்லையேல் அம்மரபே முடிந்திருக்கும். எஞ்சியோர் கொல்லப்பட்டனர். மதுரை முத்துவீரப்ப நாயக்கரும் செஞ்சி நாயக்கரும் ஜக்கராயன் பக்கம். தஞ்சை இரகுநாத நாயக்கர் யாசமர் பக்கம். 1616ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டிக் கல்லணைக்கு அருகே தோப்பூரில் பெரும்போர் நடந்தது. ஜக்கராயன் மாண்டான். இராமதேவன் அரசனானான்; 1632 வரை ஆண்டான்.

வென்றது உரிமையுள்ள பக்கமே. ஆயினும் அரசு பழைய அரசாகவில்லை. 1639இல் ஆங்கிலக் கம்பெனிக்குச் சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்ட இடம் கொடுத்தவர் தாமர்ல வேங்கடாத்ரி என்னும் ஒரு நாயக்கர். 1640களில் கோல்கொண்டாவும் பீசப்பூரும் உள்ளே நுழைந்தபோது, எதிர்த்து நிற்க நாயக்கர்கள் ஒன்றுசேரவில்லை.

இதற்கு யார் காரணம்? அரசியின் வஞ்சகம் என்பர் சிலர். ஜக்கராயனின் பேராசை என்பர் சிலர். எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடக்கும் ஒரு சிறு சோதனையைக் கொண்டு இதற்கு விடை காண முயல்கிறேன். ஹைப்போ உப்பைச் சூடாக்கிக் கரைத்து அசையாமல் ஆறவிட்டால் மீதெவிட்டிய கரைசல் கிடைக்கும். அது கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். குறை ஒன்றும் தெரியாது. அதில் ஒரு சிறு படிகத்தை இட்டால் நொடியில் எல்லாம் உறைந்துவிடும். உறைந்ததற்குக் காரணம் அப்படிகமா? அன்று. அதே படிகத்தை நீர்த்த கரைசலில் இட்டால் அது கரைந்து மறைந்துபோகும். அளவுக்கு மீறி உள்ளே தங்கியிருந்த உப்பே காரணம். படிகம் வெறும் நிமித்தம்.

வளர்ப்புப் பிள்ளை ஒரு படிகம். ரெகொபெயாமின் கடுஞ்சொல் மற்றொரு படிகம். உள்ளே கரைந்திருந்தவை யாவை?

முதலாவது, பழைய ஒட்டு. இரண்டு அரசுகளும் ஒட்டி வைத்தவையே. தாவீதை முதலில் யூதா மட்டுமே அரசனாக்கியது. வடகுலங்கள் பின்னரே ஏற்றன. இங்கும் திருமலைராயன் காலத்திலேயே நாடு மூன்று கூறாக ஆளப்பட்டது. கன்னடப் பகுதியோ வேங்கடபதி உயிரோடிருந்தபோதே கைநழுவியது. 1610இல் மைசூர் இராஜ உடையார் சீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றினார்.

இரண்டாவது, சுமை. சாலொமோனின் கட்டடங்களுக்கு மக்கள் கட்டாய உழைப்புத் தந்தனர். இங்கே படையும் வரியும் நாயக்கர்கள் கையில் இருந்தன. அரசனுக்குத் திறை செலுத்துவதை அவர்கள் சுமையாகவே கருதினர். அச்சுமையை இறக்கிவைக்க ஒரு நாளை அவர்கள் எதிர்பார்த்திருந்தனர்.

மூன்றாவது, விதி இன்மை. இதையே நான் தலையாய காரணம் என்பேன். அடுத்த அரசன் யார் என்பதை உறுதியாகக் கூறும் வழக்கம் இல்லை. வேங்கடபதியின் ஆற்றலே நாயக்கர்களைப் பிணைத்திருந்தது. எழுதிய முறை எதுவும் அவர்களைப் பிணைக்கவில்லை. இது மட்டுமோ? குழந்தையைப் பற்றிய உண்மையை அவன் பல்லாண்டு வாய்திறவாது மறைத்தான். வீட்டில் அமைதி வேண்டி அவன் காத்த மௌனம் நாட்டில் போரை விளைத்தது. வல்லவன் உயிரோடிருக்கும்வரை விதி இல்லாத குறை தெரிவதில்லை. அவன் வலிமையே அக்குறையை மறைத்துவிடுகிறது!

இக்கேள்வி என்னை விடாததன் காரணத்தை இனிச் சொல்கிறேன். என் பாட்டனார் ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து பாலசமுத்திரத்தில் குடியேறியவர். சிறிது நிலம் வாங்கிக் கிணறு வெட்டினார். அவர் இருந்தவரை என் தந்தைக்கும் சித்தப்பாவுக்கும் தண்ணீரில் சண்டை வந்ததில்லை. காலையில் திண்ணையில் அமர்ந்து, “இன்றைக்குப் பெரியவன் கரும்புக்கு, நாளைக்குச் சின்னவன் நெல்லுக்கு” என்பார், அதுவே சட்டம். அவர் இறந்த ஆண்டு கோடையில் கிணற்றில் நீர் குறைந்தது. மோட்டாரை யார் முதலில் போடுவது என்ற பேச்சு, நாலு தெருவும் கேட்க வளர்ந்தது. ஆறு ஆண்டுகளாக இரு வீட்டாரும் பேசுவதில்லை. என் சித்தியின் கைச்சோறு உண்டு ஆறு ஆண்டு ஆயிற்று.

என் தாய் சித்தப்பாவைக் குறைகூறுவார்; அங்கே என் தந்தையைக் குறைகூறுவார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். வேங்கடபதியின் கதையைப் படித்தபின்தான் தெளிவு பிறந்தது. பாட்டனாரை நான் குறைசொல்லவில்லை, அவர் நீதிமான். ஆனால் அந்த நீதியை அவர் தம்மோடு எடுத்துச் சென்றுவிட்டார். எங்களுக்குப் பின்பற்ற ஒரு முறையை வைத்துச் செல்லவில்லை.

சென்ற விடுமுறையில் ஒரு நோட்டில் தண்ணீர் முறையை நாள்வாரியாக எழுதினேன். கோடைக்கு ஒரு கணக்கு, மழைக்காலத்துக்கு ஒரு கணக்கு. முதலில் சித்தப்பாவிடம் கொண்டுபோனேன். நெடுநேரம் படித்தார், ஓர் இடத்தில் திருத்தம் சொன்னார், கையெழுத்திட்டார். என் தந்தை நோட்டை வாங்கி அலமாரியில் வைத்தார். இன்னும் கையெழுத்திடவில்லை, கிழித்துப் போடவும் இல்லை. பொங்கலுக்குப் போகும்போது மீண்டும் கேட்பேன்.

நண்பர்களே! நம் மன்றத்திலும் இவ்வாண்டோடு படிப்பு முடித்துச் செல்லும் மூத்தவர்கள் பலர். கணக்கும், நூலகச் சாவியும், விழா நடத்தும் முறையும் அவர்கள் நினைவிலேயே இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வோம். மோதிரத்தை நீட்ட மூன்று நாள் போதாது.