சீலிங் தொங்கும் பழைய பிக்கப்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில் பக்கம் சாமான் இறக்கிவிட்டு ஹைலக்ஸில் ஏறி உட்கார்ந்தால், சீலிங் துணி வயிறு தள்ளித் தொங்கித் தலைமுடியைத் தொடும். கண்ணாடியை இறக்கினால் காற்றில் உப்பி, பின்னால் வரும் காடியையே மறைத்துவிடும். ஜார்ஜ்டவுனில் வயதான பிக்கப் வைத்திருக்கும் பலருக்கும் பழகிப்போன தொல்லை இது.

அந்தத் துணி கூரைக்கு அடியில் உள்ள சீலிங் பலகையில் நேராக ஒட்டியிருப்பதில்லை. நடுவில் மெல்லிய பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு இருக்கிறது. சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால் அது உள்ளுக்குள்ளேயே சிதைந்து பொடியாகும். பினாங்கில் இந்த இரண்டும் வருஷம் முழுக்க உண்டு. செத்துப்போனது ஸ்பாஞ்சு என்று தெரிந்துகொண்டால் பாதி தவறுகளைத் தவிர்க்கலாம்.

செய்யக்கூடாதவை

துணியில் ஓட்டை போட்டு உள்ளே கோந்து ஸ்பிரே அடிக்காதீர்கள். அப்பா விட்டுப்போன காடிக்கு நான் அப்படித்தான் செய்ய விட்டேன். "அரை மணி நேரத்துல முடிச்சிடலாம்ணே" என்றார் கடைக்காரர். 80 வெள்ளி கொடுத்தேன். மூன்றே வாரத்தில் பழையபடி தொங்கியது, கூடவே துணி முழுக்க மஞ்சள் திட்டு. கோந்து பிடித்தது பொடியைத்தான். பொடி எதைப் பிடிக்கும்? பிறகு அந்தக் கெட்டித்த கோந்தைச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது.

குண்டூசி, ஸ்டேப்ளர் வேண்டாம். பலகை மெல்லியது, ஊசி நிற்காது, துருக்கறைதான் மிஞ்சும்.

செருப்புக் கோந்து, மரக் கோந்து இரண்டும் ஆகாது. மத்தியான வெயிலில் கூரைத் தகரம் கை வைக்க முடியாதபடி சுடும். அந்தச் சூட்டில் சாதாரணக் கோந்து இளகிவிடும். சூடு தாங்கும் ஸ்பிரே என்று கேட்டு வாங்குங்கள்.

மார்க்கெட் ஸ்ட்ரீட் கடைத்தெருவில் எவ்வளவு நல்ல துணி கிடைத்தாலும் அது இதற்கு உதவாது. கோந்து ஊறி வெளியே தெரியும், பலகையின் மேடு பள்ளமும் தெரியும். பின்னால் ஸ்பாஞ்சு ஒட்டிய சீலிங் துணியைக் குஷன் கடையில் கேளுங்கள்.

மிகப் பழைய மாடல்களில் பலகையே இருக்காது. வளைந்த கம்பிகளில் வினைல் இழுத்துக் கட்டியிருக்கும். அதற்குக் கீழே சொல்லும் முறை பொருந்தாது. கம்பிகளைக் கழற்றும்போது வரிசை எண் போட்டு வையுங்கள், ஒவ்வொன்றின் வளைவும் வேறு.

செய்ய வேண்டியவை

முதலில் ஒழுகலைத் தேடுங்கள். துணியில் பழுப்பு வளையம் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. முன்கண்ணாடி ரப்பர், ஏரியல் அடி, பின்பக்க மேல் பிரேக் விளக்கு, கூரையின் மடிப்பு எல்லாவற்றிலும் ரப்பர் குழாயால் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கடற்காற்றில் நிற்கும் காடிக்கு மடிப்பில் துரு சீக்கிரம் வரும். அதைச் சரிசெய்யாமல் புதுத் துணி போடுவது வீண்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு விளக்கு, சன்வைசர், கைப்பிடி, தூண் மூடிகளை எடுங்கள். கூரை ஓரத்தில் ஏர்பேக் உள்ள மாடல் என்றால் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். பழைய கிளிப்புகள் தொட்டாலே உடையும். பழைய உதிரிபாகம் விற்கும் ஹாஃப்-கட் கடையில் முன்னதாகவே நாலைந்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பலகையை இரண்டு பேர் பிடித்து, சீட்டைச் சாய்த்து, வளைக்காமல் வெளியே எடுங்கள். கீறல் விட்டால் பின்பக்கம் ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து ஒட்டலாம்.

அடுத்தது சுத்தம். துணியை உரித்ததும் பலகை முழுக்க மஞ்சள் பொடி நிற்கும். நனைந்த கடலைமாவு போல விரலில் அப்பும். முகமூடி போட்டு, நைலான் பிரஷால் தேயுங்கள். கம்பி பிரஷ் பலகையையே பிய்த்துவிடும். உள்ளங்கையால் தடவினால் கை சுத்தமாக இருக்க வேண்டும். அதுவரை தேயுங்கள். வேலையில் பாதி இதுதான், அவசரப்படுகிறவர்கள் தோற்பதும் இங்கேதான்.

மழை இல்லாத நாளாகப் பாருங்கள். கோந்தில் உள்ள ரசாயனம் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். ஈரக் காற்றில் அதன்மேல் நீர் படிந்து கோந்து வெளுத்துப் பிடி விட்டுப்போகும். செப்டம்பர், அக்டோபர் மழையில் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

புதுத் துணியை நாலாபுறமும் ஒரு சாண் கூடுதலாக வெட்டுங்கள். பாதியை மடித்துப் போட்டு, பலகை, துணி இரண்டிலும் கோந்து அடித்து, தொட்டால் பிசுபிசுத்தாலும் விரலோடு வராத பதம் வரும்வரை பொறுங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் அழுத்துங்கள். பள்ளத்தில் முதலில் துணியை இறக்கிவிட வேண்டும். பள்ளத்தின் மேல் இழுத்து ஒட்டினால் அடுத்த வெயிலிலேயே அங்கே கிளம்பிவிடும். மறுபாதியும் இப்படியே.

ஒரு நாள் முழுக்கப் போர்ச் நிழலில் காயட்டும். விளக்குக்கும் சன்வைசருக்கும் துளையைப் பின்பக்கம் விரலால் தடவிக் கண்டுபிடித்து, சின்னதாகக் குறுக்கே கீறி, நுனிகளை உள்ளே மடித்து ஒட்டுங்கள். பெரிதாக வெட்டிவிட்டால் விளக்கு மூடி அதை மறைக்காது.